தொழிற்சாலைக் கணக்கெடுப்பு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்துத்தான் இங்கே நெல்லைச் சீமை என்கிறேன். அரிசி ஆலை, நூற்பாலை, தீப்பெட்டி ஆலை, பீடிக் கம்பெனி, லேத் பட்டறை என்று இங்கே எதை நடத்தினாலும் ஒரு நாள் ‘ஏ.எஸ்.ஐ. படிவம்’, அதாவது ஆண்டுத் தொழில் ஆய்வின் படிவம், வந்து சேர வாய்ப்புண்டு. வந்ததும் பயம் வரும், அப்புறம் ஆடிட்டருக்கு ஃபோன் போகும். இன்னொரு பக்கம், பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் அதே படிவங்களிலிருந்து பிறந்த அட்டவணைகளைக் கையில் வைத்துக்கொண்டு இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். இரு தரப்போடும் உட்கார்ந்து வேலை செய்கிறவன் நான். இரண்டு பேருடைய கேள்விகளையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். ஆலைக்காரர் அவசரத்தில் எழுதிவிடும் எண்ணைப் பிறகு யாராலும் கண்டுபிடித்துத் திருத்த முடியாது. அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

ஏ.எஸ்.ஐ. என்பது என்ன? யார் நடத்துகிறார்கள்?

ஆண்டுத் தொழில் ஆய்வு. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்துகிறது. களப்பணியை அதன் களப் பிரிவு ஊழியர்கள் பார்க்கிறார்கள், தொகுப்பு வேலை கொல்கத்தாவில் நடக்கிறது. மாநிலத்தின் பங்காக ஒரு மாதிரியைத் தமிழ்நாடு அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை எடுப்பதும் உண்டு.

1946 முதல் 1958 வரை உற்பத்தித் தொழில் கணக்கெடுப்பு என்று ஒன்று இருந்தது. அதன் இடத்தில் 1959-ஐ முதல் ஆண்டாகக் கொண்டு இது வந்தது. 1972-ஐத் தவிர எல்லா ஆண்டுக்கும் நடந்திருக்கிறது. இவ்வளவு நீண்ட தொடர் இந்தியத் தொழில்துறைக்கு வேறு கிடையாது.

மின்சாரத்தோடு 10 பேர் அல்லது அதற்கு மேல், மின்சாரம் இல்லாமல் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும், 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் கீழ் பதிவான ஆலைகள் இதற்குள் வந்தன. பீடி, சுருட்டு நிறுவனங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச்சட்டப் பதிவை எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் ஆலைகளின் பட்டியல் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பதிவேட்டிலிருந்து போகிறது.

2023-24 ஆய்வின்படி நாடு முழுவதும் சுமார் 2.6 லட்சம் ஆலைகள், சுமார் 1.95 கோடிப் பேர் வேலையில். ஆலைத் தொழிலில் அதிகப் பேருக்கு வேலை தரும் மாநிலம் தமிழ்நாடு.

பக்கத்து ஆலைக்கு நோட்டீஸ் வரவில்லை, எனக்கு மட்டும் ஏன்?

உங்கள் மேல் சந்தேகப்பட்டு வந்ததில்லை. பெரிய ஆலைகளை ஒன்று விடாமல் எடுப்பார்கள். நீண்ட காலமாக 100 பேர் என்பதே அதற்கு எல்லையாக இருந்தது. ஆண்டையும் மாநிலத்தையும் பொறுத்து அது மாறியும் வந்திருக்கிறது. மற்ற ஆலைகளை மாநிலம், மாவட்டம், தொழில்வகை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஒரு பிரிவில் 20 அரிசி ஆலைகள் இருந்து, 4 தேர்வானால், ஒவ்வொன்றும் தனக்கும் இன்னும் நான்கு ஆலைகளுக்கும் சேர்த்துப் பேசுகிறது. உங்கள் படிவத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஐந்தால் பெருக்கப்பட்டுத்தான் மாநிலக் கணக்கில் சேரும். நீங்கள் ஒரு லட்சம் குறைத்து எழுதினால், கணக்கில் குறைவது ஐந்து லட்சம். நோட்டீஸ் வராத பக்கத்து ஆலை அண்ணாச்சியின் உற்பத்தியும் உங்கள் பேனாவில்தான் இருக்கிறது.

கொடுத்தே ஆக வேண்டுமா?

ஆமாம். 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி கொடுக்க வேண்டியது கடமை. மறுத்தால் அபராதம் உண்டு, தெரிந்தே பொய்யாகக் கொடுத்தால் தண்டனை இன்னும் கடுமை. நடைமுறையில் அதிகாரிகள் முதலில் கடிதம், பிறகு நேரில், பிறகு நினைவூட்டல் என்றுதான் போகிறார்கள். கால அவகாசம் வேண்டுமென்றால் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பதில் போடாமல் இருப்பதுதான் சிக்கல்.

இந்தக் கணக்கு வருமான வரிக்கோ ஜி.எஸ்.டி.க்கோ போகுமா?

போகாது. பேட்டையிலும் சரி, கோவில்பட்டியிலும் சரி, முதலில் கேட்கப்படுவது இதுதான், அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதே சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. தனி ஆலையின் விவரத்தைப் புள்ளியியல் வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம், அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது. வெளியாகும் அட்டவணைகளில் மாநிலமும் தொழில்வகையும் இருக்கும், ஆலைப் பெயர் இருக்காது. ஆய்வாளர்களுக்குத் தரும் கோப்பிலும் பெயர், முகவரி நீக்கியிருப்பார்கள்.

ஆகவே ஜி.எஸ்.டி. ரிட்டனில் உள்ளதோடு வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டுமே என்று எண்களை இழுத்துப் பிடிக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு வரையறைகள். வித்தியாசம் வந்தால் காரணத்தைக் குறிப்புப் பகுதியில் எழுதினால் போதும்.

உத்யம் பதிவு செய்திருக்கிறேன், அது போதாதா?

போதாது. உத்யம், 2020 ஜூலையில் தொடங்கிய பதிவு முறை. கடன், சலுகை, டெண்டர் இவற்றுக்கு உதவும். முதலீடும் விற்றுமுதலும் எவ்வளவு என்று பார்த்து உங்களைக் குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று வகைப்படுத்தும். என்ன மூலப்பொருள் எவ்வளவு போனது, என்ன விளைந்தது, எத்தனை ஆள்நாள் (ஓர் ஆள் ஒரு நாள் செய்வது ஓர் ஆள்நாள்) வேலை நடந்தது என்பதெல்லாம் அதில் கிடையாது.

என்னென்ன தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டின் ஐந்தொகை, லாப நட்டக் கணக்கு, சம்பளப் பதிவேடு, மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு, மின் கட்டண ரசீதுகள், சரக்கு இருப்புப் புத்தகம். கூரையில் சோலார் போட்டிருந்தால் அது எத்தனை யூனிட் கொடுத்தது என்ற கணக்கும். கட்டடம், இயந்திரம், வண்டி, கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் தொடக்க மதிப்பு, அந்த ஆண்டில் சேர்ந்தது, தேய்மானம் எல்லாம் தனித்தனியாகக் கேட்பார்கள்.

ஆடிட்டர் கொடுத்த பேலன்ஸ் ஷீட்டை அப்படியே கொடுத்தால் ஆகாதா?

பாதி ஆகும். ஆடிட்டரின் கணக்கு பணத்தில் இருக்கும். ஆய்வுக்கு அளவும் வேண்டும். எத்தனை டன் நெல், எத்தனை டன் அரிசி, எத்தனை கிலோ நூல் என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் பழைய ஆட்கள் இன்னும் நெல்லைக் ‘கோட்டை’ என்ற பழைய அளவுக் கணக்கில் பேசுவதுண்டு, கமிஷன் மண்டியில் மூட்டைக் கணக்கு. எல்லாவற்றையும் எடைக்கு மாற்றித்தான் எழுத வேண்டும். மூட்டை 60 கிலோவா 75 கிலோவா என்பதை ஆலையில் எடை போடுகிறவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டாம்.

மதிப்புக் கூட்டலை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஓர் அரிசி ஆலையை வைத்துச் சொல்லுங்கள்.

இந்த ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. நாட்டின் உற்பத்தித் தொழில் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்வதற்கு ஆலைகளின் விற்பனையைக் கூட்டினால் ஒரே பொருள் பல முறை கூடிவிடும். நூற்பாலை விற்ற நூலின் விலை, தறிக்காரர் விற்ற துணியின் விலைக்குள்ளும் இருக்கிறதல்லவா? ஆகவே ஒவ்வொரு ஆலையும் வெளியிலிருந்து வாங்கிப் பயன்படுத்தியதைக் கழித்துவிட்டு, அது தானாகச் சேர்த்த மதிப்பை மட்டும் எடுக்கிறார்கள்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு புழுங்கல் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. அந்த ஆண்டு சொந்த நெல்லில் அரைத்த அரிசி 300 லட்ச ரூபாய். குருணை, தவிடு, விற்ற உமி சேர்த்து 40 லட்சம். கூலிக்கு அரைத்த வருமானம் 20 லட்சம். அரிசி இருப்பில் மாற்றமில்லை. மொத்த விளைவு 360 லட்சம். இதில் ஜி.எஸ்.டி. சேராது, ஆலை வாசலைத் தாண்டிய லாரி வாடகையும் சேராது.

இனிச் செலவு. அரைத்துத் தீர்ந்த நெல் 270 லட்சம், மின்சாரமும் எரிபொருளும் 12, சாக்கும் உதிரிப் பாகங்களும் 8, ரிப்பேர், இன்சூரன்ஸ், தணிக்கைக் கட்டணம் முதலானவை 10. மொத்தம் 300 லட்சம். 360-ல் 300 போக மொத்த மதிப்புக் கூட்டல் 60 லட்சம். தேய்மானம் 8 லட்சம் கழித்தால் நிகர மதிப்புக் கூட்டல் 52 லட்சம். சம்பளம், வாடகை, வட்டி, முதலாளியின் லாபம் எல்லாம் இந்த 52-க்குள்ளிருந்துதான் பிரிகின்றன. அதனால் சம்பளத்தையும் வட்டியையும் மேலே செலவுப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

இப்போது தாமிரபரணிப் பாசனத்துக்கே உரிய ஒரு சிக்கல். பிசானம் என்ற நெல் பருவத்தின் அறுவடை மாசி, பங்குனியில் குவியும். நிதியாண்டு முடிவதோ மார்ச் 31. அன்றைக்கு ஆலைக் களத்திலும் குடோனிலும் நெல் மலையாகக் கிடக்கும், அரைப்பது அடுத்த கணக்காண்டில் நடக்கும். நம் ஆலையில் ஏப்ரல் தொடக்க இருப்பு 40 லட்சம், ஆண்டில் வாங்கியது 290 லட்சம், மார்ச் கடைசியில் மிச்சம் 60 லட்சம். அரைத்தது 270. ஆனால் பலர் கொள்முதல் 290-ஐ அப்படியே மூலப்பொருள் செலவாக எழுதிவிடுகிறார்கள். உடனே மதிப்புக் கூட்டல் 60-லிருந்து 40 ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். அந்த ஆலைக்குப் பெருக்கல் எண் ஐந்து என்றால் ஒரு கோடி ரூபாய் மாநிலக் கணக்கில் விழாது. கார் என்ற இன்னொரு பருவத்தின் அறுவடை வேறு மாதங்களில் வருவதால் அதில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. பிசானத்தை நம்பும் ஆலைகள் மார்ச் 31 இருப்பை அன்றைக்கே எடுத்து எழுதி வைத்துவிடுவது ரொம்ப நல்லது.

கூலிக்கு அரைக்கிறோம். அந்த நெல்லின் விலையையும் எழுத வேண்டுமா?

வேண்டாம். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லாக இருந்தாலும் ஊர் விவசாயியின் நெல்லாக இருந்தாலும், நெல் உங்களுடையது இல்லை. உங்கள் வருமானம் அரைப்புக் கூலி மட்டும்தான். ஒருவர் 200 லட்சம் பெறுமான கூலி நெல்லை வரவிலும் செலவிலும் சேர்த்துவிட்டால் மதிப்புக் கூட்டல் மாறாது, அதே 60-தான். ஆனால் மொத்த விளைவு 360-க்குப் பதில் 560 ஆகிவிடும். விளைவில் மதிப்புக் கூட்டலின் பங்கு 16.7 சதவீதத்திலிருந்து 10.7-க்கு இறங்கும். அதைப் பார்க்கும் ஆய்வாளர் இந்த ஊர் ஆலைகள் திறன் குறைந்தவை என்று எழுதிவிடுவார். வரவில் மட்டும் சேர்த்துச் செலவில் விட்டுவிட்டால் கணக்கே குலைந்துவிடும்.

தொழிலாளர் எண்ணிக்கையாக எதை எழுதுவது? சீசனில் முப்பது பேர், மற்ற நாளில் எட்டுப் பேர்.

அதிகாரி வந்த அன்று எத்தனை பேர் நின்றார்கள் என்பதை எழுதக் கூடாது. ஆள்நாள் கணக்குத்தான் வழி. 150 நாள் 30 பேர் என்றால் 4,500 ஆள்நாள், இன்னொரு 150 நாள் 8 பேர் என்றால் 1,200. மொத்தம் 5,700. ஆலை ஓடிய 300 நாளால் வகுத்தால் சராசரி 19 பேர்.

ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களைத் தனி வரியில் எழுத வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள், வட மாநிலத்திலிருந்து வந்து ஆலையிலேயே தங்கி வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியில்தான் வருவார்கள். சம்பளம் நான் கொடுப்பதில்லை, மேஸ்திரி கொடுக்கிறார் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விட்டால் அந்த மனிதர்கள் செய்த வேலை மட்டும் கணக்கில் இருக்கும், அவர்கள் இருக்க மாட்டார்கள். கல்லாவில் உட்காரும் முதலாளி, கணக்கு எழுதும் அவர் மகன் இவர்களுக்கும் படிவத்தில் இடம் உண்டு.

பீடி சுற்றும் பெண்கள் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்?

எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கேள்வி. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். நனைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கிவிடுகிறார்கள். இலை, தூள், நூல் எல்லாம் கம்பெனி கொடுத்தது. சுற்றி முடித்ததைப் பீடிக்கடையில் எண்ணிக் கொடுத்தால் பாஸ் புத்தகத்தில் வரவு வைப்பார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று.

1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. ஆனால் ஏ.எஸ்.ஐ.யில் நிலைமை வேறு. ஆலை வளாகத்தில் மஸ்டரில் இருப்பவர்கள் ஆட்களாக எண்ணப்படுவார்கள். வீட்டில் சுற்றுகிறவருக்குக் கொடுத்த கூலி, பொருளை வெளியே கொடுத்துச் செய்துவாங்கிய வேலைக்கான செலவு என்ற வரியில்தான் பெரும்பாலும் போய் விழும். அந்த அம்மா கணக்கில் ஒரு செலவுத் தொகையாக இருக்கிறார், ஆளாக இல்லை.

தேசிய மாதிரி ஆய்வின் முறைப்படி, இப்படி வீட்டில் இருந்து வேலை செய்கிறவர் சுயதொழில் செய்பவர்களின் கூட்டத்தில் சேர்க்கப்படுகிறார். ஆகவே அவரைத் தேட வேண்டிய இடம் வேலைவாய்ப்பு ஆய்வும் அமைப்புசாராத் தொழில் ஆய்வும். இந்தச் சீமையின் பெண்கள் உழைப்பை எழுத வருகிற மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: புகையிலைப் பொருள் தொழிலில் எத்தனை பேர் என்று ஏ.எஸ்.ஐ. அட்டவணையில் பார்த்த எண்ணை வைத்து முடிவு எழுதிவிடாதீர்கள். மூன்று ஆய்வுகளையும் பக்கம் பக்கமாக வைத்தால்தான் முக்கூடல் தெரு தெரியும். வைக்கும்போது ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடாமலும் பார்க்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஆறே பேர். எங்களை யார் எண்ணுகிறார்கள்?

தனியார் உரிமையோ பங்குதாரர் தொழிலோ என்றால், அமைப்புசாராத் தொழில் நிறுவனங்களின் ஆண்டாய்வு. 2021-22 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்கு முன் 2010-11, 2015-16 என்று இடைவெளி விட்டுத்தான் எடுத்தார்கள். 2023-24 சுற்றின்படி உற்பத்தி, வியாபாரம், பிற சேவை மூன்றும் சேர்ந்து 7.34 கோடி நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. வீராவநல்லூர் தறி, பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பானை, கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடி கருப்பட்டி எல்லாம் இந்த வலைக்குள் வருபவை. சம்பளத்துக்கு ஆள் வைக்காத வீட்டுத் தொழிலைத் தனி வகையாகவும், ஓர் ஆளாவது நிரந்தரமாக வைத்ததை இன்னொரு வகையாகவும் பிரிப்பார்கள்.

ஆனால் அதே ஆறு பேர் பட்டறையை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால்? அமைப்புசாரா ஆய்வு கம்பெனிகளை எடுக்காது. பத்துப் பேர் இல்லாததால் ஏ.எஸ்.ஐ.யும் எடுக்காது. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும். சின்னத் தொழில்கள் கம்பெனியாகப் பதிவாவது கூடக் கூட இந்த இடைவெளி பெரிதாகும் என்பது என் கவலை. இன்னொன்று, 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான எல்லையை மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் என்பதிலிருந்து 20, 40 ஆக உயர்த்தியது. பதிவேட்டின் எல்லை மாறினால் ஆய்வின் பட்டியலும் ஆட்டம் காணும். வரும் ஆண்டுகளின் எண்களைப் பழையவற்றோடு ஒப்பிடுகிறவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

உப்பளம், தீப்பெட்டி, அல்வா இவையெல்லாம் எந்தத் தொழிலில் சேரும்?

தேசியத் தொழில் வகைப்பாடு 2008 என்ற புத்தகம்தான் தீர்ப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீரைக் காய வைத்து உப்பு எடுப்பது சுரங்கத் தொழிலில் சேரும். அதே உப்பை வாங்கி அயோடின் சேர்த்துச் சமையல் உப்பாகப் பாக்கெட் போடும் ஆலை, உணவு உற்பத்தியில் சேரும். தூத்துக்குடியின் உப்பு எவ்வளவு என்று உற்பத்தித் தொழில் அட்டவணையில் தேடுகிறவர் பாதியைத்தான் பார்ப்பார்.

கோவில்பட்டி, கழுகுமலை தீப்பெட்டி ஆலைகள் வேதிப்பொருள் பிரிவில், அதாவது 20-ஆம் பிரிவில் இருக்கின்றன. தாழையூத்தில் 1949-ல் தொடங்கிய ஆலை போன்ற சிமெண்ட் ஆலைகள் 23-ல். அல்வா கிண்டிப் பொட்டலமாக விற்றால் உணவு உற்பத்தி, மேசையில் இலையில் வைத்துப் பரிமாறினால் உணவகச் சேவை. இரண்டும் நடக்கும் கடையில் எதில் அதிக மதிப்புச் சேருகிறதோ அதுவே முதன்மைத் தொழில். தன் தொழிலின் குறியீட்டைப் படிவத்தில் பார்த்து, தப்பாக இருந்தால் சொல்லுங்கள். பழைய பதிவேட்டில் நூற்பாலை என்று இருந்து, இப்போது ஆயத்த ஆடை தைக்கும் இடங்கள் உண்டு.

மாதாமாதம் செய்தியில் வரும் தொழில் உற்பத்திக் குறியீட்டெண் இதிலிருந்து வருவதா?

நேரடியாக இல்லை. அது தேர்ந்தெடுத்த ஆலைகள் மாதந்தோறும் தரும் உற்பத்தி அளவிலிருந்து வருவது. ஆனால் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு எடை என்பதை முடிவு செய்ய ஏ.எஸ்.ஐ.தான் ஆதாரம். 2011-12 அடிப்படை ஆண்டுத் தொடரில் உற்பத்தித் தொழிலின் எடை 77.63 சதவீதம். அடிப்படை ஆண்டின் படிவங்களில் விழுந்த பிழை, அடுத்த அடிப்படை ஆண்டு வரும் வரை மாதாமாதம் கூடவே வரும்.

திருநெல்வேலி மாவட்டத்துக்கு மட்டும் எண் கிடைக்குமா?

வெளியாகும் வழக்கமான அட்டவணைகள் மாநில அளவிலானவை. மாதிரி சிறியதாக இருக்கும்போது மாவட்ட மதிப்பீட்டை நம்ப முடியாது, அடையாளமும் வெளிப்பட்டுவிடும். ஒரு மாவட்டத்தில் ஒரே ஒரு டயர் ஆலை இருந்தால், மாவட்ட டயர் உற்பத்தி என்று போடுவதும் அந்த ஆலையின் கணக்கைப் போடுவதும் ஒன்றுதானே.

பழைய மாவட்டக் கணக்குகளைக் கண்டெடுத்து ஒப்பிடுகிறவர்கள் எல்லை மாற்றத்தை மறக்கக் கூடாது. 1986 அக்டோபரில் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 1981-ன் ‘திருநெல்வேலி’யில் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் உண்டு, இப்போதைய திருநெல்வேலியில் இரண்டும் இல்லை. தீப்பெட்டித் தொழில் அழிந்துவிட்டது என்று இதைப் பார்த்து முடிவு செய்தால் அநியாயம். மூன்று மாவட்டங்களையும் கூட்டி, பழைய எல்லைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

மாணவர்கள் ஆலைவாரிக் கோப்புகளைப் பெற முடியுமா?

முடியும். புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவு இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாக எடுக்கலாம். எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், பெருக்கல் எண் பத்தியைக் கண்டுபிடிப்பது. அதைப் போடாமல் ஆலைகளைக் கூட்டிவிட்டு, தமிழ்நாட்டில் இத்தனை ஆலை என்று எழுதிய ஆய்வேடுகள் என் கைக்கு வந்திருக்கின்றன. அடுத்து, உற்பத்தி நடக்காத ஆலைகளைத் தனியே பிரியுங்கள். பல ஆண்டு எண்களை ஒப்பிட்டால் மொத்த விலைக் குறியீட்டெண்ணால் விலையேற்றத்தைக் கழியுங்கள். 2008-ன் வகைப்பாட்டுக்கு முந்தைய ஆண்டுகள் வேறு குறியீட்டில் இருக்கும், பழைய குறியீட்டுக்குப் புதியது எது என்று காட்டும் ஒத்திசைவுப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். 2010-11-க்குப் பிந்தைய பல ஆண்டுக் கோப்புகளில் மாவட்டக் குறியீடு இருக்காது என்பதையும் தலைப்பு வைக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

முடிவுகள் வரத் தாமதமாகும். 2023-24-ன் முடிவு வந்தது 2025 ஆகஸ்டில். 2020-21, 2021-22 இரண்டும் 2024 பிப்ரவரியில் சேர்ந்தே வந்தன.

ஆலையை மூடி இரண்டு வருஷமாகிறது. இன்னும் நோட்டீஸ் வருகிறது, கிழித்துப் போட்டுவிடலாமா?

வேண்டாம். பதில் வராத ஆலையும் மூடிய ஆலையும் கணக்கில் ஒன்றல்ல. பதில் இல்லையென்றால், ஓடிக்கொண்டிருந்தும் தகவல் தரவில்லை என்று எடுத்துக்கொள்ளப்படலாம். அப்போது அந்தப் பிரிவில் உள்ள மற்ற ஆலைகளின் சராசரி உங்கள் பெயரிலும் ஏறும். ஓடாத ஆலைக்கு உற்பத்தி எழுதப்பட்டுவிடும். மூடிவிட்டோம், இன்ன தேதியிலிருந்து உற்பத்தி இல்லை, இயந்திரம் இருக்கிறது அல்லது விற்றாயிற்று, வாட்ச்மேன் ஒருவர் சம்பளத்தில் இருக்கிறார் அல்லது இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். இயந்திரமும் கட்டடமும் அப்படியே இருந்தால் அந்தச் சொத்து விவரத்தையும் கேட்பார்கள், கொடுங்கள். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் உரிமத்தை ரத்து செய்யவும் மனுக் கொடுத்துவிட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளின் பட்டியலிலிருந்தும் பெயர் நீங்கும்.